வேலியில் ஒரு சந்து

"நயினாரே, மறுபடியும் அதே எடத்துல அழுகிப்போச்சி!"

கொல்லையில் நின்று வண்டிக்கார வீராசாமி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். ரிஷபதாஸ் நயினார் கிணற்றடியில் குடத்தின் வாயில் துணி கட்டித் தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஏம்பா கத்தறே? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"இத்தோட எத்தினி தடவ? அஞ்சா?"

"ஆறு."

வீராசாமி வேலியை மேலும் கீழும் பார்த்தார். ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நின்றது திருகுகள்ளி. கிணற்றடியில் தொடங்கி மாட்டுக்கொட்டகை வரை, இலையில்லாத பச்சைக் குச்சிகள். அந்தப் பக்கம் நயினாரின் தம்பி ஜீவகுமாரின் வீடு.

பாகப்பிரிவினைச் சண்டையில், "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு, ரிஷபதாஸ் தம் கையாலேயே நட்ட வேலி. பாகிஸ்தான் சண்டை நடந்த வருஷம். பதினோரு வருஷம்வரை அறுபது குச்சியில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. போன வருஷத்திலிருந்துதான் கிணற்றுக்கு எதிரே இரண்டு முழ அகலத்துக்கு ஒரு சந்து. நட நட அழுகிக்கொண்டே இருந்தது.

"என்னைப் பாருங்க. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். வெட்டி, ஒரு வாரம் நெழல்ல போட்டு, பாலு காஞ்சி வெட்டுவாய் மூடினப்புறம் நட்டேன். பத்து நாள் தண்ணியே காட்டல. கூரத்துல எங்க வேலிக்கு நாப்பது குச்சி, நாப்பதும் புடிச்சிக்கிச்சி."

"பச்சையா நட்டிருந்தா?"

"அழுகியிருக்கும். நீங்கதானே சொன்னீங்க, பாலு காயாத குச்சியும் ஈர மண்ணும் சேந்தா அழுகல்தான்னு. ஊருக்கெல்லாம் பக்குவம் சொல்றவரு வீட்லயே இப்படி ஆவுதுன்னா, இது மண்ணு செய்யிற வேல இல்ல. மனுசன் செய்யிற வேல." வீராசாமி மோவாயால் வேலிக்கு அப்பால் காட்டினார். "உங்க தம்பிதான் வெந்நி ஊத்தறாரு. போன ஆடியில சம்சாரம் இந்திராம்மா செத்துப்போனதுலேர்ந்து மனுசன் ஒரு நெலையில இல்ல."

"வாய மூடு." ரிஷபதாஸ் முதல் தடவையாக நிமிர்ந்தார். "அவன் எறும்பு போற வழியில கால் வைக்கமாட்டான். விளக்குல பூச்சி விழும்னு பொழுதோட சாப்ட்டு எழுந்துக்கறவன். வெந்நியக் கொண்டாந்து மண்ணுல ஊத்துவானா? எத்தினி உசிரு சாவும்?"

"அப்ப நேரா கேட்டுடுங்களேன்."

"கேக்கறதுக்கு மொதல்ல பேச்சு இருக்கணுமே."

வீராசாமி விடவில்லை.

"ஒரு வார்த்த சொல்லுங்க. வாலாஜாபாத்துலேர்ந்து நாளைக்கே ஒரு வண்டி செங்கல்லு எறக்கறேன். நாலு நாள்ல சுவரு நிக்கும். இங்கேர்ந்து அங்க ஒரு ஈ எட்டிப் பாக்க முடியாது."

ரிஷபதாஸின் கை நின்றது. குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது.

"சுவரெல்லாம் வேணாம்பா. இன்னிக்கே நானே நட்டுக்கறேன்."

"ஏழாவது தடவையா?"

"ஏழாவது தடவதான்."

"ஏழாவது தடவையாம்! கேட்டுக்கோங்க சாமிங்களா!" என்று வேலியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வீராசாமி வண்டியைக் கிளப்பினார்.

மாட்டு மணிச் சத்தம் தேய்ந்ததும் வீடு பழையபடி ஆனது. மனைவி குணமாலா போய் ஆறு வருஷம். மகன் வர்த்தமானன் மெட்ராஸில்; மாதம் ஒரு கார்டு வரும். இனி நாளைக்கு யாராவது வாசலில் கூப்பிடும்வரை ரிஷபதாஸ் வாய் திறக்க வேண்டிய வேலை இல்லை.

நாலு மணிக்கு உலையை வைத்து இறக்கினார். பிறகு வழக்கம்போலக் கிணற்றடியில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். எதிரே அந்தச் சந்து.

வெயில் மஞ்சளானபோது சந்துக்கு அந்தப் பக்கம் ஜீவகுமார் தட்டோடு வந்து உட்கார்ந்தார். தோள்பட்டை எலும்பு தெரிந்தது. குனிந்த தலை நிமிராமல் பிசைந்தார். பாதிச் சோற்றில் கை நின்றுவிட்டது. ரிஷபதாஸ் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து அந்தக் கை மறுபடி தட்டுக்குப் போயிற்று. தட்டு காலியானது. ஜீவகுமார் எழுந்து உள்ளே போனார்.

அதற்குப் பிறகுதான் ரிஷபதாஸ் எழுந்து போய்த் தமக்குச் சோறு போட்டுக்கொண்டார்.

பொழுது இறங்குவதற்குள் சாப்பாட்டை முடித்து, கத்தியோடு வந்து வேலியில் ஒரு கிளையை வெட்டினார். வெட்டுவாயிலிருந்து பால் கொட்டியது. அதை நிழலில் போடவில்லை. முன்பு ஆறு தடவையும் செய்தது போலவே, பால் சொட்டச் சொட்ட அந்தச் சந்துக்கு எடுத்துப் போனார். நட்ட கையோடு ஊற்ற ஒரு குடம் தண்ணீரும் தயாராக இருந்தது.

அழுகின குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குழி பறிக்க மண்ணுக்குள் கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

மண் ஏற்கெனவே நனைந்திருந்தது, தொட்ட கையைச் சுட்டது.