இரண்டாம் கம்பி

நான் கிட்டாரை மடியில் தூக்கி வைத்ததுமே மாடிவீட்டுக்காரர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

பாவம், நல்ல மனுஷர். நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்த பிறகு அவர் மாலை நடைக்குப் போகாத நாளே இல்லை. தொப்பை கரைந்து, சர்க்கரை இறங்கி, ஆளே புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். டாக்டர் அவரை மெச்சினாராம். நியாயமாக அது எனக்கு வரவேண்டிய மெச்சல்.

வேலையில் இருந்தவரை நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கல்யாணக் கூட்டத்தையே தூக்கும் இரும்பு வடத்தை முறுக்கிப் பழகிய கை இது. முதல் வாரமே ஒரு கம்பி அறுந்தது. அந்தச் சத்தத்தில் தெருவே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது என்றால் நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

சமையலறையில் என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். டக், டக், டக். தாளம் பிசகாது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

அவள் வாய் திறந்து மாதக்கணக்காகிறது.

தொண்டையில் ஒரு சின்னக் கட்டி. எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை, தாராளமாகப் பேசலாம் என்றார் டாக்டர். அவர் முன்னாலேயே ஒரே ஒரு வார்த்தை பேசிப் பார்த்தாள். காலி தகர டிரம்மைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள்தான்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் பாத்திரம் வழியாகத்தான். டம்ளரை மெல்ல வைத்தால் டீ தயார். ணங்கென்று வைத்தால் நான் ஏதோ செய்திருக்கிறேன். என்ன செய்தேன் என்பதைப் புருவம் சொல்லும்.

"இப்படியே இருந்தா குரல் இறுகிப்போயிடும் சார். எப்பாடுபட்டாவது பேச வைங்க" என்று டாக்டர் போன தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

கெஞ்சினேன். கொஞ்சினேன். வலுவில் சண்டைக்கு இழுத்தேன். அவள் சமையலில் உப்பே இல்லை என்று என் தங்கை சொன்னதாக ஒரு அண்டப்புளுகைக்கூட அவிழ்த்துவிட்டேன். புருவம் கூரைவரை ஏறிவிட்டு இறங்கியது. அவ்வளவுதான்.

மறுநாள் போய் கிட்டார் வாங்கிவிட்டேன்.

சொல்லிக்கொடுக்கும் மிஸ்ஸுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. அவளுக்கு என்னைவிட என் கிட்டாரைப் பற்றித்தான் கவலை. வகுப்புக்குக் கொண்டுபோகிற நாளெல்லாம் இரண்டாவது கம்பி மட்டும் சுருதி இறங்கியே இருக்கிறதாம்.

"இது தானா இறங்காது அங்கிள். வீட்ல குட்டிப் பசங்க யாராவது தொடறாங்களா?"

எங்கள் வீட்டில் குட்டிப் பசங்களே கிடையாது என்றேன். உண்மைதானே.

இன்றைக்கு வாசிக்க எடுத்துக்கொண்ட பாட்டு, என் மனைவி காலைதோறும் பள்ளிப் பிள்ளைகளைப் பாடவைத்த பாட்டு. அதில் இரண்டாவது வரியில் ஒரு இறக்கம் வரும். அங்கே ஒரு பிள்ளை சுருதி தப்பினால் போதும், முந்நூறு பிள்ளைகளுக்கு நடுவே நேராக அதன் காதைப் போய்ப் பிடிப்பாள்.

முதல் வரியை ஒப்பேற்றினேன். டக், டக், டக்.

இரண்டாவது வரி. இறக்கம். இரண்டாம் கம்பி, சளி பிடித்த பூனை மாதிரி முனகியது.

வெங்காயம் நறுக்கிய கத்தி நின்றது.

அதே வரியை மறுபடி வாசித்தேன். பூனை மறுபடி முனகியது. ணங்கென்று ஒரு டம்ளர். இன்னொரு முறை. சமையலறையில் இருந்த பாத்திரம் அத்தனையும் என்னைத் திட்டித் தீர்த்தன. என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு ஒரு மிருதங்கக்காரரே தேவைப்பட்டிருப்பார். அடுத்த முறை பூனையைக் கொஞ்சம் நீட்டி முனகவிட்டேன்.

"ஐயோ... இறங்கியிருக்குங்க!"

தகர டிரம்தான். ஆனால் எங்கள் வீட்டு டிரம்.

நான் திரும்பவில்லை. பார்த்துவிட்டால் மறுபடி மூடிக்கொள்வாள் என்று பயம். "எது?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

ஈரக்கையோடு வந்து எதிரே நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். வெங்காயம் என்றே வைத்துக்கொள்வோம்.

"ரெண்டாவது கம்பி. ஏத்துங்க. இன்னும்... அட, இன்னும் கொஞ்சம். காதுல என்னத்த வெச்சிருக்கீங்க?"

"எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே ஏத்துறதுக்கு?"

பொறுக்க முடியாமல் அவளே பாடிக் காட்டினாள். அந்த ஒரு வரியைத்தான். நடுவில் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து தட்டுத்தடுமாறி எழுந்து, இறக்கத்தில் இறங்கி, போய் நிற்கவேண்டிய ஸ்வரத்தில் போய் நின்றது.

அவளே திகைத்துத் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"புரிஞ்சுதா?"

"புரியல. இன்னொரு தடவை பாடேன்."

"மரமண்டை! ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க ஒரே தடவையில பிடிச்சுக்கும்" என்றாள். சொல்லிவிட்டு, இன்னொரு தடவை பாடினாள்.

நான் அந்தக் கம்பியின் திருகைப் பிடித்தேன். தினமும் மதியம் அவள் கண்ணயர்ந்ததும் நான் தளர்த்தி வைக்கும் திருகு அது. எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று என் விரலுக்கு நன்றாகவே தெரியும்.

மெல்ல முறுக்கினேன். அந்த இடம் வந்தது.

தாண்டிப் போனேன்.

"ஐயையோ, அதிகமாயிடுச்சு!" என்றாள்.