டாலா ஆலையின் தராசு

ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் இருந்த ஓர் அரிசி ஆலையில் நல்லையா எடை போடுபவர். அந்த ஆலையின் இன்ஜினீயர் ஒரு ஜெர்மன் துரை. தன் ஊரிலிருந்து வந்த வரைபடங்களைப் பார்த்து, மோட்டார் சைக்கிள் இன்ஜின் பொருத்திய கிளைடர் ஒன்றைக் கட்டியிருந்தார். இன்ஜின் அதை மேலே ஏற்றும். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுப் பருந்து போல மிதந்தே இறங்குவார். இறக்கையை நீட்டினாலும் இன்ஜினை நகர்த்தினாலும், தான் உள்ளே உட்கார்ந்தபடியே கிளைடரை நெல் மூட்டைத் தராசில் நிறுக்கச் சொல்வார். கிளைடர் எழுபது வீசை, துரை நாற்பத்தைந்து. தான் சொல்லும்வரை தராசை விட்டு யாரும் இறங்கக் கூடாது என்பது நல்லையாவின் கண்டிப்பு. துரையும் அதற்கு அடங்கித்தான் உட்கார்ந்திருப்பார்.

1927 மாசியில் ஒரு நாள், ஆற்றுக்கு மேலே இன்ஜின் சத்தம் வழக்கம்போல் நின்றது. துரை திரும்பவில்லை. மூன்றாம் நாள் சம்பான் படகுக்காரர்கள் கிளைடரை மட்டும் இழுத்து வந்தார்கள். இருக்கையின் வார் பூட்டியபடியே இருந்தது.

ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, கப்பலில் துரையின் ஊருக்கு அனுப்புவதற்காக நிறுத்துப் பார்த்தார்கள். முள் நூற்றுப் பதினைந்து வீசை காட்டியது.

"உள்ள தண்ணி நிக்குதான்னு பாருப்பா," என்றார் நல்லையா.

இறக்கைக்குத் துணி தைத்த அய்யாசாமி கைவிட்டுத் துழாவினார். "காஞ்சு கெடக்குண்ணே. சொட்டுத் தண்ணி இல்ல."

நல்லையா தராசைச் சரிபார்த்து மறுபடி நிறுத்தார். அதே நூற்றுப் பதினைந்து. நோட்டில் எழுதிக்கொண்டே, வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

"ஆச்சு. எறங்கிக்குங்க, தொர."

முள் ஒருமுறை நடுங்கி, எழுபதில் போய் நின்றது.