கோட்டைமேட்டுத் தண்டனை

“மறுபடியும் பேரை மட்டும் எழுதி வெள்ளைத் தாளைக் கொடுத்திருக்கியே, என்னடா அர்த்தம்?”

கணக்கு லெக்சரர் சுந்தரராஜுலு விடைத்தாளைத் தூக்கிக் காட்ட, இண்டர்மீடியட் வகுப்பே கொல்லென்று சிரித்தது. கடைசி பெஞ்சில் கந்தப்பன் தலையைக் குனிந்தபடி நின்றான்.

மூன்று மாதமாக இப்படித்தான். கொடுமுடியிலிருந்து வந்தவன், போன வருஷம் கணக்கில் முதல் மார்க். இப்போது ஹாஸ்டலில் யாரோடும் பேச்சில்லை. சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்து போவதில்லை. ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்கக் கோயமுத்தூரில் ஆளுக்கா பஞ்சம்? ‘இல்லீங்க’ என்றால் ‘ஏன்’ என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

போன வாரம் லெக்சரர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தார். “மனசுக்கு வைத்தியம் பாக்கற டாக்டர் ஒருத்தர் இருக்கார். போய்ப் பாக்கறயா?”

“எனக்கொண்ணும் பைத்தியமில்லீங்க சார்!” வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

அந்தக் கோபமோ என்னவோ, இன்றைக்கு வகுப்பறையிலேயே தீர்ப்புச் சொன்னார்.

“கோட்டைமேட்டுல பீர் முகம்மதுன்னு எனக்கு வேண்டியவர் இருக்கார். தனிக்கட்டை. காது சுத்தமாக் கேக்காது. ஆடுபுலி ஆட்டம்னா உசிரு, கூட ஆட ஆளில்லை. தினம் சாயங்காலம் போய் அவரோட ஆடு. போகலைன்னா, பரீட்சைக்கு உன்னை அனுப்ப மாட்டேன்!”

“செவிடருக்கு ஊமை துணை!” என்றான் முன் பெஞ்சுக்காரன். மறுபடியும் சிரிப்பு.

படிக்க வந்த பிள்ளையைத் தன் சிநேகிதருக்குப் பொழுதுபோக்காக அனுப்புகிற வாத்தியாரை என்ன சொல்ல? ஹாஸ்டலே திட்டியது. கந்தப்பனும் மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனான்.

பீர் முகம்மதுக்கு ஐம்பது வயதிருக்கும். கையைக் காட்டி உட்காரச் சொன்னார். தரையில் சாக்பீஸில் கட்டம் போட்டிருந்தது. புளியங்கொட்டை எல்லாம் ஆடு. மூன்று கூழாங்கல் புலி. ஒரு வாரம் இருவரும் வாய் திறக்காமல் ஆடினார்கள்.

எட்டாம் நாள் அவருடைய புலி ஓர் ஆட்டைத் தாண்டி வெட்டியது.

“போச்சுங்க,” என்றான் கந்தப்பன், தன்னை அறியாமல்.

அவர் நிமிரவில்லை. செவிடர்தானே! அவன் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தான்.

“அவளும் இப்படித்தானுங்க போயிட்டா. என் சம்சாரமுங்க. ராசாத்தா. தலைப்பிரசவத்துல தாயும் போயி, புள்ளையும் போயி...”

அவர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லீவுக்குப் போறப்ப பாக்கறதுதானுங்க. ‘அம்மணி’ன்னுதான் கூப்புடுவேன். ஒருநாளு கூடப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்லீங்க. ஊட்டுல அதுக்குள்ள வேற பொண்ணு பாக்கறாங்க. எருமை செத்தா வேற எருமை வாங்கற மாதிரி. நொய்யல் ஆத்துப் பக்கம் போனா, திரும்பி வரணும்னே தோணலீங்க.”

வாய்விட்டு அழுதான். அன்றைக்குப் பீர் முகம்மது புலியைக் கட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டார். அழுகையில் அவன் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு தினமும் ராசாத்தாள் கதைதான். அவள் வைத்த ரசம், கொலுசைக் கழற்றிவிட்டு நடக்கும் கூச்சம், எல்லாவற்றையும் அந்தக் கேட்காத காதில் கொட்டினான். மெல்ல மெல்லச் சோறு இறங்கியது. தூக்கம் வந்தது. ஊருக்குப் போய், “இப்பத்திக்கு எனக்குப் பொண்ணு பாக்காதீங்க,” என்று அப்பாவிடம் நேருக்கு நேராகச் சொல்லிவிட்டும் வந்தான்.

அடுத்த பரீட்சையில் தாள் நிறைய எழுதினான்.

“தண்டனை முடிஞ்சுதுடா. இனிப் போக வேண்டாம்,” என்றார் சுந்தரராஜுலு.

அதைக் கேட்டதும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்று சாயங்காலம் கோட்டைமேட்டுக்குப் போய்க் கடைசி ஆட்டம் ஆடினான். கைகூப்பிவிட்டு வாசற்படி இறங்கினான். முதுகைக் காட்டியபடியே முனகினான்.

“இனி நான் யாருகிட்டப் பேசுவனோ தெரியலீங்க.”

“எங்கிட்டயே பேசலாமுங்க தம்பி.”

கந்தப்பன் விருட்டென்று திரும்பினான். அங்கே வேறு யாரும் இல்லை.

“உங்களுக்கு... காது...”

“நல்லாவே கேக்குமுங்க. மனசுக்கு வைத்தியம் பாக்கற டாக்டர்னு உங்க வாத்தியார் சொன்னாருங்களே, அது நாந்தான்.”

“அப்புறம் எதுக்குங்க செவிடருன்னு...?”

பீர் முகம்மது புளியங்கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

“காது கேக்கற ஆளுகிட்ட இந்தப் பையன் வாயத் தொறக்க மாட்டான்னு, அவருதானுங்க எனக்குச் சொன்னாரு.”