நுளம்பு வலைக்குள் தோடை

உம்மு குல்சும் முக்காட்டுக்குள்ளிருந்து பேனாக்கத்தியை எடுத்து, பிஸ்மி சொல்லி, வலையைக் கிழித்தாள். கையை நுழைத்து, ஆரஞ்சு காய்க்கும் தோடை மரத்தின் இளங்கொப்புகளை வெட்டி எடுத்தாள். போகுமுன் கறுப்பு நூலால் கிழிசலைத் தைத்தும் விட்டாள். களவிலும் ஒரு கௌரவம் வேண்டாமா, கண்ணுகளா?

கலஹா வீதியில், அவளுடைய தோட்டத்துக்கு அடுத்த காணியில்தான் அந்த வலைக்கூடு. தோடை மரங்களை மஞ்சளாக்கிக் கொல்லும் நோய்க்கு வழி தேடும் ஆராய்ச்சி. ஊரில் பாதி மரங்கள் விறகாகிவிட்டன. உம்மு குல்சுமின் தோட்டம் மட்டும் இன்னும் பச்சை. அந்த வீட்டின் சோறே அதுதான்.

ஆராய்ச்சிக்காரி லோஜினி, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவள். உம்மு குல்சுமுக்கு அதுவே உறுத்தல். டொக்டராம், ஒரு பனடோல் தர வக்கில்லை என்பாள். மரத்தை நுளம்பு கடிக்குமோ என்று ஊர் முழுக்கக் கேட்டுச் சிரிப்பாள். வலைக்கூட்டைப் பற்றி விளக்க லோஜினி வேலியோரம் வந்த அன்று, கொழுந்து பறித்தவள் மகள் எனக்கு மரம் படிப்பிக்க வந்துவிட்டாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு மருமகள் ஹிதாயாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

"வலைக்கூட்டுக்குள்ள போகக்குள்ள சும்மா போறா. வெளிய வரக்குள்ள நின்டு நின்டு உடுப்ப உதர்றா. படிச்ச படிப்பே தலகீழ் புள்ள."

அவ்வளவு நல்ல மரமென்றால் கேட்டே வாங்கலாமே மாமி என்றாள் ஹிதாயா. கேட்டு வாங்கின செடி தழைக்காது, களவெடுத்ததுதான் தழைக்கும் என்பது உம்மு குல்சுமின் கட்சி. அதோடு, இவளிடம் போய்க் கை நீட்டுவதா? வலை போட்டு மூடி வளர்க்கிறார்கள் என்றால் அது நோய் அண்டாத மரமாகத்தானே இருக்கும்? கொப்புகளிலிருந்து அரும்புகளைச் சீவி, தன் மரம் ஒவ்வொன்றிலும் ஒட்டுப் போட்டாள்.

ஒட்டெல்லாம் துளிர்விட்ட நேரம் லோஜினி ஓடி வந்தாள். வலையில் கறுப்பு நூல் தையலை அன்றுதான் கண்டிருந்தாள். உம்மு குல்சும் மறுக்கவில்லை. ஒரு துளிரைத் தடவிக் காட்டினாள்.

"எடுத்தது நான்தான் புள்ள. பொத்திப் பொத்தி வெச்சீங்க. இப்ப என்ட எல்லா மரத்திலயும் இரிக்கி. போய் யாருக்கிட்ட வேணும்டாலும் செல்லு."

லோஜினி கோபிக்கவில்லை. ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனவள், கடைசி மரத்தடியில் அப்படியே குந்திவிட்டாள்.

"உம்மா, அந்த வலைக்குள்ள நாங்க பூட்டி வச்சிருந்தது நோயைத்தான்."