யாரும் வராத விருந்து

ஆய்வகத்தில் கிருமிகளுக்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் கண்ணாடித் தட்டின் வேலை. வந்தவர்கள் வயிறார உண்டு பெருகினால் அதற்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் மரகதத்தின் சளி சோதனைக்கு வந்தது. காசநோய்க்கு மருந்து முடித்தும் கைக்குழந்தையைத் தூக்கப் பயந்து காத்திருந்தவள் அவள்.

புதிதாக வந்த மரபணு இயந்திரம் உடனே கூவியது: "கிருமி இருக்கு! அதோட மரபணுவையே படிச்சுட்டேன். நீங்க இன்னும் இலை போட்டு உட்கார்ந்திருக்கீங்களே, அண்ணே!"

"உயிரோட இருந்தா சாப்பிட வரும், தம்பி. பார்ப்போம்."

வாரங்கள் போயின. ஒருவரும் வரவில்லை.

"அப்போ நான் படிச்சது?"

"செத்ததோட மிச்சம்."

வாசலில் முடிவைக் கேட்ட மரகதம் குழந்தையை அள்ளிக்கொண்டாள். போட்ட சோறு அப்படியே மிஞ்சியும், தட்டுக்கு வயிறு நிறைந்திருந்தது.