மூன்றாவது அறிக்கை

புலாவ் செபாங் ரப்பர் தோட்டத் தமிழர் சங்கத்தில் அன்றுதான் முதன்முறையாகப் பெட்டி வைத்துத் தலைவர் தேர்தல் நடந்தது. நடத்தியவர் பள்ளிக்கூட வாத்தியார் அம்புரோஸ். வேட்பாளர் பட்டியல், வோட்டு நாள் இரண்டையும் முன்பே இரு அறிக்கைகளாக எழுதிப் பத்திரிகை நிருபரிடம் தந்திருந்தார். மூன்றாவது அறிக்கை, முடிவு. அதற்காக நிருபர் வாசலில் காத்து நின்றார். மெயில் வண்டிக்கு இன்னும் கால்மணி நேரமே இருந்தது.

உள்ளே முடிவை எழுதிக்கொண்டிருந்த அம்புரோஸிடம் பின்வாசல் வழியாக ஒருவன் வந்தான்.

“வாத்தியாரே, பெரிய கங்காணி செயிச்சதா எழுதிக் குடுத்துடுங்க.”

“அவரு தோத்துட்டாரே.”

“பேப்பர்ல வந்தா சும்மா விடுவாரா? வேலை போயிடும். சட்டி பானையெல்லாம் ரோட்டுக்கு வந்துடும்.”

“வரட்டும்.”

“பெட்டிய யாரு திறந்து பாக்கப் போறா? பத்து வோட்ட அவரு பக்கம் தள்ளி விடுங்க லா.”

“ஒண்ணுகூடத் தள்ள மாட்டேன். துரையே வந்து கேட்டாலும் இதே பதில்தான்.”

வந்தவன் கையெடுத்துக் கும்பிட்டான். அம்புரோஸ் அவனை விலக்கிவிட்டு வாசலுக்குப் போய், அறிக்கையை நிருபரிடம் நீட்டினார்.

நிருபர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “புதுத் தலைவர்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டு எழுதணுமே. ஆளு எங்க?”

அம்புரோஸ் உள்ளே போனார். பின்வாசலில் நழுவப் பார்த்தவனின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார்.

“இவருதான் பால்வெட்டு காளிமுத்து. பேசுங்க, தலைவரே. எழுபத்திரண்டு பேரு பயப்படாமத்தான் உங்களுக்குப் போட்டாங்க.”