சிப்பாய் சாகாத போர்

சகல உலகத்தாருக்கும் மகிழ்ச்சியோடு அறிவிக்கப்படுவது என்னவென்றால், எல்லா நாட்டு ராணுவங்களும் ஒரே ஸ்னைப்பர் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டுவிட்டன. அதே துப்பாக்கியை ஏந்தியவரை அது சுடாது. ஆகவே இனி எந்தப் போரிலும் சிப்பாய் சாக மாட்டான். தலைவர்கள் கைகுலுக்கி, கேக் வெட்டினார்கள். போரை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

போர்முனையிலிருந்த எட்வின், எல்லையோர ஊரிலிருந்த மனைவி ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தான்.

“லீவு கெடச்சிருச்சு. நாளைக்கு வர்றேன்.”

“துப்பாக்கிய ஒப்படைச்சிட்டுத்தானே வரணும்? ஒண்ணும் வேணாம். அங்கயே பத்திரமா இருங்க. இங்க நேத்து பால் வாங்கப் போன கிரேசக்காவச் சுட்டுட்டானுங்க.”

எட்வின் போனை மறு காதுக்கு மாற்றினான்.

“ஆமா, நீங்க அங்க யாரச் சுடுறீங்க?”

“மேல சொல்றவங்கள. அத விடு.”

“அங்கயும் பால் வாங்கப் போறவங்கதானா?”

“விடுன்னு சொல்றேன்ல.”

“சரி, நம்ம பாப்பாவப் பட்டாளத்துல சேத்துக்குவாங்களா?”

“அவளுக்கு நாலு வயசுடி.”

“அதான் கேக்குறேன். கையில அந்தத் துப்பாக்கி இருந்தா நிம்மதியா வெளிய விளையாட விடுவேன்.”

போர் முடிந்தது. ஒரு சிப்பாய்கூடச் சாகவில்லை என்று இரண்டு நாடுகளும் விழா எடுத்தன. எட்வினுக்கும் ஒரு பதக்கம் குத்தினார்கள்.

வீட்டில் அதைப் பார்க்க ஆள் இல்லை.